பழைய டிராக்டரும் ஒரு மெல்லிய தகடும்



நெய்வேலியைச் சூழ்ந்த கிராமங்களில் கரும்பு வெட்டும் பருவம் வந்துவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு என்பது கிடையாது. விடியுமுன் வயலுக்குச் செல்லும். பகலில் பாரம் ஏற்றும். இரவில் ஆலையின் வாயிலில் வரிசையில் நிற்கும். இவ்வாறு உழைக்கும் வண்டிகளுள் முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்தவை இன்றும் உண்டு. தந்தை வாங்கியதை மகன் ஓட்டுகிறார். அத்தகைய வண்டி ஒன்றின் ரேடியேட்டரில் ஒருநாள் நீர் குறைகிறது. ஊற்றி நிரப்புகிறார்கள். மறுநாள் மீண்டும் குறைகிறது. பருவம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று குடம் குடமாக நீர் ஊற்றியே ஓட்டுகிறார்கள். பருவம் முடிவதற்குள் எஞ்சின் முடிந்துவிடுகிறது. சில ஆயிரம் ரூபாயில் தீரக்கூடிய பழுது, வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடும் பழுதாக வளர்ந்துவிடுகிறது.

இப்பழுதுக்குப் பட்டறைகளில் ‘ஹெட் காஸ்கெட் போய்விட்டது’ என்று பெயர். அது எவ்வாறு நேர்கிறது, அதை எவ்வாறு கண்டறிவது, எந்த முறையில் சீர் செய்வது என்பனவற்றை இன்று காண்போம்.

டீசல் எஞ்சினின் உடல் இரண்டு பெரும் பகுதிகளால் ஆனது. கீழே இருப்பது சிலிண்டர் பிளாக். அதனுள் உள்ள வட்டத் துளைகளிலேதான் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. மேலே மூடியாக அமைவது ஹெட். வால்வுகளும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் அதிலே பொருந்தியிருக்கின்றன. இவ்விரு வார்ப்பிரும்புப் பகுதிகளும் சேரும் இடத்தில் வைக்கப்படும் மெல்லிய தகடே காஸ்கெட். எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்தாலும் இரும்பின் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கும். அவற்றை நிரப்பி, இரு பகுதிகளையும் இடைவெளியின்றி இணைப்பது காஸ்கெட்டின் தொழில்.

அத்தொழில் எளிதன்று. அந்த ஒரே தகடு மூன்று வெவ்வேறு பொருள்களை ஒன்றோடொன்று கலவாமல் காக்க வேண்டியிருக்கிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு ஒன்று; சிலிண்டரைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் நீர் மற்றொன்று; வால்வுகளின் இயக்கத்துக்காக மேலே ஏறும் எண்ணெய் மூன்றாவது. இவை மூன்றும் சில இடங்களில் விரற்கடை அளவு இடைவெளியிலேயே ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன.

அதன்மேல் விழும் விசையையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் எஞ்சின் பொருத்திய பழைய மாசி ஃபெர்குசன் 35 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 91.4 மில்லிமீட்டர், அதாவது, பரப்பு ஏறத்தாழ 65 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும் கணத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோகிராம் வரை எழுவதாகக் கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு டன் ஆகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 750 முறை இது நிகழும். எட்டு மணி நேர வேலையில் 3,60,000 முறை! இத்தனைக்கும் ஈடு கொடுத்து ஹெட்டைக் கீழே அழுத்திப் பிடித்திருப்பவை அதைச் சுற்றியுள்ள ஸ்டட்டுகளும் நட்டுகளுமே. அவற்றின் பிடி எல்லா இடங்களிலும் ஒரே அளவாக இருக்கும் வரையில் காஸ்கெட்டுக்கு அழிவில்லை. ஓரிடத்தில் பிடி தளர்ந்தாலும், இரும்பின் முகம் ஓரிடத்தில் வளைந்தாலும், எரிவாயு அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

அழுத்தத்தின் இவ்வியல்பை நெய்வேலி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பு நிறப் பொருள் வெளிப்பட்டதிலிருந்து இவ்வூரின் சுரங்கக் கதை தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 2016 முதல் அதற்கு என்.எல்.சி. இந்தியா என்று பெயர். 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். எனினும் நிலக்கரிப் படலம் வெளிப்பட்டது 1961 ஆகஸ்டிலேதான். தோண்டுவோர் எதிர்கொண்ட பெருந்தடைகளுள் ஒன்று நிலத்தடி நீர். நிலக்கரிப் படலத்துக்கு அடியிலே உள்ள நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலேயுள்ள மண்ணை அகற்ற அகற்ற, அதை அழுத்திப் பிடித்திருந்த பாரம் குறைகிறது. அந்நீரைக் குழாய்க் கிணறுகள் வழியே இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் தரை பெயர்ந்து வெள்ளம் உள்ளே புகும். ஆகவே வெடித்த இடத்தை அடைப்பது அங்கே வைத்தியம் ஆகாது. அழுத்தத்தையும் பிடியையும் சமன் செய்வதே வைத்தியம்.

டிராக்டரிலும் நிலைமை அதுவே. சுரங்கத்தின் அடிநீர் அழுத்தத்தைப்போல் எட்டு, பத்து மடங்கு அழுத்தத்தை ஒரு மெல்லிய தகடு தாங்க வேண்டியிருக்கிறது. தகடு உடைந்ததும் புதுத் தகட்டை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோர் பலர். அந்தப் புதுத் தகடும் சில வாரங்களில் உடைகிறது. ‘சரக்கு மட்டம்’ என்று கடைக்காரரைக் குறை கூறுகிறோம். உண்மை யாதெனில், காஸ்கெட் தானாகக் கெடுவது அரிது. பெரும்பாலும் அது வேறொரு குற்றத்துக்குப் பலியாகிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கலாம், ஹெட் வளைந்திருக்கலாம், நட்டுகள் ஒழுங்கின்றி முடுக்கப்பட்டிருக்கலாம். அக்குற்றத்தைக் கண்டு களையாமல் தகட்டை மட்டும் மாற்றுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

இனி, நோயின் குறிகளைக் காண்போம். அவை எந்த இடத்தில் தகடு விட்டுப்போயிற்று என்பதைப் பொறுத்து மாறும். எரிவாயு நீர்ப்பாதைக்குள் நுழைந்தால், ரேடியேட்டரில் குமிழிகள் எழும். நீர் வெளியே தள்ளப்படும். காலையில் எஞ்சினைக் கிளப்பிய சிறிது நேரத்திலேயே, நீர் சூடேறும் முன்னரே, ரேடியேட்டரின் ரப்பர்க் குழாய் கல்லைப்போல் இறுகிவிடும். நீர் சிலிண்டருக்குள் நுழைந்தால், எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் புகைபோக்கியில் வெண்புகை நிற்காமல் வரும். நீர் எண்ணெயில் கலந்தால், எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியில் எண்ணெய் மோரைப்போல் வெளுத்துத் தோன்றும். அதன் மட்டமும் உயர்ந்திருக்கும். இரண்டு சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதி எரிந்துபோயிருந்தால், நீரும் குறையாது, எண்ணெயும் வெளுக்காது. ஆனால் எஞ்சின் கிளம்புவதற்கு அடம் பிடிக்கும், தாளம் தப்பி ஓடும், ஏற்றத்தில் இழுக்காது.

இக்குறிகளுள் ஒன்றைக் கண்டவுடனே ஹெட்டைக் கழற்றிவிடுதல் கூடாது. நீர் குறைவதற்கு நீர் பம்பின் கசிவும், ரேடியேட்டரின் ஓட்டையும், ஹெட்டில் விழுந்த விரிசலும் காரணமாகலாம். ஆகவே முதலில் ஓர் எளிய சோதனை. எஞ்சின் முற்றும் ஆறியிருக்கும்போது விசிறி பெல்டைக் கழற்றிவிட வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால் நீர் பம்பு சுழலாது. நீர் அசையாமல் நிற்கும். ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினைக் கிளப்பி ஒரு நிமிட அளவு மட்டும் ஓட விடுக. சோப்பு நுரைபோல் தொடர்ந்து குமிழிகள் எழுந்தால் எரிவாயு நீர்ப்பாதைக்குள் வருகிறது என்பது தெளிவு. அதன்பின், ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் செல்லும் டீசல் குழாயின் நட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றே தளர்த்திப் பார்க்கலாம். எந்தச் சிலிண்டருக்கு டீசல் நிற்கும்போது குமிழி நிற்கிறதோ, அதுவே குற்றமுள்ள சிலிண்டர். தளர்த்தும்போது வெறுங்கையை அக்குழாயின் வாய்க்கு நேரே காட்டலாகாது. அழுத்தம் மிகுந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகக்கூடியது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும் அவ்வாறே ஆபத்து.

குமிழி கண்டதும் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதைச் சற்று வலியுறுத்திக் கூற விரும்புகிறேன். ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டு ஒழுக்கை அடைப்பவர் உண்டு. ரேடியேட்டரின் ஊசித் துளை சில சமயம் அதனால் அடைபடலாம். ஆனால் 60 கிலோகிராம் அழுத்தத்தின் முன் மஞ்சள் தூள் என்ன செய்யும்? அது நீர்ப்பாதைகளில் படிந்து, எஞ்சினை இன்னும் அதிகமாகச் சூடேற்றுவதுதான் மிச்சம். எண்ணெயில் நீர் கலந்த பின்னும் ஓட்டினால் கிராங்க் தண்டின் பேரிங்குகள் தேய்ந்து அழியும். இரவு முழுதும் நின்ற வண்டியின் சிலிண்டரில் நீர் இறங்கித் தேங்கியிருக்க, காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினால் பிஸ்டன் அந்நீரின்மேல் மோதும். வாயு நசுங்கும்; நீர் நசுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும். ஆகவே ஐயம் இருந்தால், இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்த பின்னரே அடுத்த வேலை.

இவ்வளவு பாடுபட்டுப் பழைய வண்டியைக் காப்பாற்றத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அதற்கு அவ்வண்டியின் வரலாறே விடை கூறும். ஹாரி ஃபெர்குசன் வடிவமைத்த டி.ஈ. 20 என்னும் சிறு டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. எட்மண்ட் ஹில்லாரி தம் குழுவினருடன் அத்தகைய டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென் துருவத்தை அடைந்தார். அதன் வழித்தோன்றலே மாசி ஃபெர்குசன் 35. சென்னையில் 1960-இல் தோன்றிய டாஃபே நிறுவனம் அம்மரபை நம் நாட்டில் வேரூன்றச் செய்தது. அதன் 1035 என்னும் வண்டியைத் தமிழ்நாட்டு உழவர்கள் நன்கு அறிவர். இவ்வண்டிகளில் மின்னணுக் கருவிகள் இல்லை. ஸ்பேனரும் பொறுமையும் உள்ளவர் எவரும் கழற்றிப் பூட்டக்கூடிய அமைப்பு. அதுவே அவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். பட்டறைக்காரரிடம் வேலையை ஒப்படைப்பவர்களும் அதன் முறையை அறிந்திருத்தல் நன்று. எதைக் கேட்க வேண்டும், எதை விடலாகாது என்பது அப்போது விளங்கும்.

ஹெட்டைக் கழற்றும் முன் எஞ்சின் ஓர் இரவு முழுவதும் ஆற வேண்டும். சூட்டோடு நட்டுகளைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளைந்துவிடக்கூடும். மேற்புறத்து மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலிலேயே கழுவித் துடைத்துவிடுக. நம் பகுதிச் செம்மண் துகள் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் சிலிண்டரின் சுவரைத் தேய்த்துவிடும். பிறகு பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் உள்ள நீரை வடித்து, எஞ்சினின் மேலே உள்ள டீசல் டாங்கியை இறக்க வேண்டும். டீசல் குழாய்களின் வாய்களைத் தூய மூடிகளால் அடைத்துவிடுக. ராக்கர் தண்டைக் கழற்றியபின் உருவும் புஷ் ராடுகளை, ஓர் அட்டையில் வரிசையாகத் துளையிட்டு எண் எழுதி, அந்தந்தத் துளையில் செருகி வைப்பது நல்ல வழக்கம். பல்லாண்டு சேர்ந்து தேய்ந்த உறுப்புகள் தத்தம் துணையோடே மீண்டும் சேர வேண்டும்.

ஹெட்டின் நட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கால் சுற்று, அரைச் சுற்றாகப் பல தடவையில் தளர்த்துக. ஒன்றை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குச் செல்லலாகாது. ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் உளியை இடுக்கில் செலுத்திப் பெயர்ப்பது பெருந்தவறு. அந்த ஒரு கீறலே அடுத்த ஒழுக்குக்கு வாய்க்கால் வெட்டிவிடும். மரச் சுத்தியலால் பக்கங்களில் தட்டி, இருவர் சேர்ந்து நேர் மேலாகத் தூக்குக. நீரோடு தொட்டுக்கொண்டிருக்கும் வகை லைனர்கள் உள்ள எஞ்சினாயின், ஹெட்டை எடுத்தபின் கிராங்க் தண்டைச் சுழற்றக் கூடாது. லைனர் மேலெழும்பி, அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டுவிடும்.

கழற்றிய காஸ்கெட்டை உடனே வீசி எறிந்துவிடாதீர்கள். அதுவே நோயின் சாட்சி. எரிவாயு சென்ற வழி கறுத்த தடமாகவும், நீர் சென்ற வழி துருப்பிடித்த கோடாகவும் அதில் பதிந்திருக்கும். எந்தச் சிலிண்டருக்கு அருகில், எந்தப் பக்கமாகத் தடம் செல்கிறது என்று குறித்துக்கொண்டு, ஹெட்டிலும் பிளாக்கிலும் அதே இடத்தைக் கூர்ந்து ஆராய வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய காலத்துக் காஸ்கெட்டுகள் செம்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்துச் செய்யப்பட்டவை. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்வது. ஆகவே ஒட்டியிருக்கும் பழைய தகட்டை உலர்ந்த நிலையில் சுரண்டுவதோ, கம்பித் தூரிகை கொண்டு தேய்ப்பதோ, காற்றால் ஊதுவதோ கூடாது. நீரால் நன்கு நனைத்து, மூக்கையும் வாயையும் உரிய கவசத்தால் மூடிக்கொண்டு, மெல்ல எடுத்து ஒரு பையில் கட்டி வைக்க வேண்டும். புதிதாக வாங்கும் காஸ்கெட் கல்நார் இல்லாததா என்று கேட்டு வாங்குவது நலம்.

அடுத்தது அளவைச் சோதனை. இதை விட்டுவிடுவதனாலேதான் பெரும்பாலான பழுதுகள் மீண்டும் வருகின்றன. நேர்மை கெடாத இரும்புச் சட்டம் ஒன்றை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளைச் செருகிப் பாருங்கள். வண்டியின் கையேட்டில் கூறிய அளவுக்கு மேற்பட்ட இடைவெளி தெரிந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. அதை இயந்திரப் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். டீசல் ஹெட்டை எவ்வளவும் தேய்க்கலாம் என்பதில்லை. அதிகம் தேய்த்தால் வால்வுகள் பிஸ்டனை நெருங்கிவிடும். ஆதலால் எல்லை கடந்ததை மாற்றுவதே முறை. வால்வுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் விரிசல் உண்டா என்பதையும் அப்பட்டறையிலேயே அழுத்தச் சோதனை செய்து அறியலாம். விரிசல் விட்ட ஹெட்டின்மேல் எத்தனை காஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை.

பிளாக்கின் முகத்தையும் அவ்வாறே சோதித்து, லைனரின் விளிம்பு கையேட்டில் சொல்லிய உயரத்தில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அமிழ்ந்துபோன லைனர் காஸ்கெட்டை அழுத்தாது. போல்ட் இறங்கும் துளைகளில் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் துடைத்து எடுத்துவிடுக. அது உள்ளே அகப்பட்டுக்கொண்டால், போல்ட்டை முடுக்கும்போது பிளாக்கே பிளந்துவிடலாம். நீண்டுபோன ஸ்டட்டுகளையும் மரை தேய்ந்த நட்டுகளையும் மீண்டும் பயன்படுத்தலாகாது. நீர்ப்பாதைகளில் சுண்ணாம்புபோல் படிந்திருக்கும் உப்புப் படிவை நீக்குவதற்கு இதுவே தக்க தருணம்.

இனிப் பூட்டும் முறை. புதிய காஸ்கெட்டை முதலில் பிளாக்கின்மேல் வைத்து, நீருக்கும் எண்ணெய்க்கும் உரிய எல்லாத் துளைகளும் நேர்ப்படுகின்றனவா என்று பாருங்கள். மேற்புறம் எது என்ற குறி அதில் இருக்குமானால் அதன்படியே அமைக்க வேண்டும். பசை, கிரீஸ், பெயின்ட் முதலியவற்றைக் கைப்பழக்கத்தால் பூசுவது தவறு. செய்தவர் பூசச் சொல்லியிருந்தாலன்றி, தூய உலர்ந்த முகங்களுக்கிடையே அது தனியாகவே அமைய வேண்டும். ஹெட்டை நேராக இறக்கி, மரைகளுக்கு இரண்டு துளி எண்ணெய் விட்டு, நட்டுகளை விரலால் ஓட்டுக.

பிறகு முடுக்குதல். இங்கேதான் உடல் வலிமைக்கு வேலை இல்லை, ஒழுங்குக்கே வேலை. நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டி மூச்சைப் பிடித்து இழுப்பவரின் நட்டுகள் ஒன்றுபோல் இறுகியிருப்பதில்லை. ஒரு நட்டில் உராய்வு அதிகம், மற்றொன்றில் குறைவு. கைக்குத் தெரியும் கடினம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும், பிடியோ வேறாக இருக்கும். ஆகவே முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இன்றி இவ்வேலையைச் செய்யலாகாது. நடுவிலுள்ள நட்டில் தொடங்கி, இரு பக்கமும் மாறி மாறி ஓரங்களை நோக்கிச் செல்ல வேண்டும். முதற் சுற்றில் உரிய அளவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு. மூன்றாவதில் முழு அளவு. நடுவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பாய் விரிப்பவர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிச் சுருக்கம் நீக்குவதுபோல, தகடும் நடுவிலிருந்து பரந்து படிகிறது. ஓரங்களை முதலில் இறுக்கினால் நடுவில் மேடு அகப்பட்டுக்கொள்ளும். பதறிய காரியம் சிதறும் என்பது இவ்விடத்துக்கு முற்றும் பொருந்தும்.

புஷ் ராடுகளையும் ராக்கரையும் பூட்டி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றி எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணெயில் நீர் கலந்திருந்ததாயின் பழைய எண்ணெயையும் பில்ட்டரையும் மாற்றியாக வேண்டும். சில மணி நேரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை மாற்றினால், மூலைகளில் தங்கிய நீரும் வெளியேறிவிடும். டீசல் குழாய்களில் புகுந்த காற்றை, முதலில் பில்ட்டரிலும், அடுத்துப் பம்பிலும், இறுதியில் இன்ஜெக்டர்களிலுமாக வெளியேற்றிய பின் எஞ்சின் கிளம்பும். கிளம்பியவுடன் ஏரில் பூட்டிவிடுதல் ஆகாது. நீர் வேலைச் சூட்டை அடையும் வரை மெல்ல ஓட விட்டு, ஒழுக்கு உண்டா என்று பார்த்து நிறுத்துக. பழைய வகைக் காஸ்கெட்டுகள் சூடு கண்டபின் சற்றே அமிழும். ஆதலால் நட்டுகளை மீண்டும் ஒருமுறை அளவுக்கு முடுக்க வேண்டும். சூட்டிலா, ஆறிய பின்னா, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு என்பதைக் கையேட்டிலும், காஸ்கெட்டோடு வரும் குறிப்பிலும் பார்த்துச் செய்க. இவ்வாறு முடுக்கிய பின்னர் வால்வு இடைவெளி மாறியிருக்கும். அதையும் மறுபடி சரிசெய்ய மறக்கலாகாது.

இத்துடன் பழுது நீங்கிற்று. ஆனால் அதன் காரணம் நீங்கிற்றா? எஞ்சின் ஏன் சூடேறிற்று என்ற வினாவுக்கு விடை காணாத வரையில் வேலை பாதியே ஆகும். முதலில் ரேடியேட்டரின் முகத்தைப் பாருங்கள். கரும்புச் சோகைத் துணுக்கும், மணிலாப் பயிரின் தூசியும், செம்மண்ணும் சேர்ந்து கண்ணறைகளை அடைத்திருந்தால் காற்று எவ்வாறு உட்செல்லும்? அறுவடைக் காலத்தில் நாள்தோறும் அதைத் தட்டித் துடைக்க வேண்டும். விசிறி பெல்ட் தளர்ந்திருந்தால் நீரும் ஓடாது, காற்றும் வராது. உப்பு மிகுந்த கிணற்று நீரை ஊற்றினால் பாதைகளில் படிவு ஏறும். தூய நீரோடு துருத் தடுப்புத் திரவத்தைக் கலந்து ஊற்றுவது சிறந்தது. தெர்மோஸ்டாட்டைத் தேவையற்ற உறுப்பென்று கழற்றி எறியும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது வெப்பத்தை ஒரே நிலையில் வைத்துக் காப்பது. கெட்டிருந்தால் மாற்றுக, நீக்கிவிட வேண்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, கொதித்து நின்ற எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றும் செயலை அறவே விட்டுவிட வேண்டும். சித்திரை வெயிலில் அது இரக்கச் செயலாகத் தோன்றும். ஆனால் சிவந்த இரும்பை நீரில் தோய்ப்பதுபோல் ஹெட்டில் விரிசல் விழச் செய்வது அதுவே. வண்டியை நிழலில் நிறுத்தி ஆற விடுங்கள். ஆறிய பின்னர் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

டிராக்டர் வைத்திருக்கும் அன்பர்கள் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்றையும் வைத்துக்கொள்வது நலம். ஹெட்டைக் கழற்றிய நாள், நட்டுகளை முடுக்கிய அளவு, மறுபடி முடுக்கிய நாள், எண்ணெய் மாற்றிய நாள், ரேடியேட்டரில் ஊற்றிய நீரின் அளவு ஆகியவற்றை அதில் எழுதி வாருங்கள். வாரத்துக்கு அரைக் குவளை நீர் குறைந்த வண்டியில் நாளுக்கு ஒரு குவளை குறையத் தொடங்கியிருக்கிறது என்பதை அந்த ஏடு முதலில் காட்டிக்கொடுக்கும். அப்போதே வண்டியை நிறுத்தினால், மாற்ற வேண்டியது ஒரு தகடாக மட்டும் இருக்கும்.